குறி தவறிய மவுஸ்

கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில், விளையாடும்போது மட்டும் கம்பியில்லா மவுஸ் தடுமாறிக் குறி தவறியது. கிராபிக்ஸ் டிரைவரை முற்றாக அகற்றி மீண்டும் நிறுவினேன்; பற்றரியை மாற்றினேன்; கடற்காற்றின் உப்பைச் சந்தேகித்து போர்ட்டுகளைத் துடைத்தும் பார்த்தேன். மூன்று நாட்கள் வீணாயின.

விளையாட்டுகள் யாவும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதும், அதன் விளக்கு வேகமாகச் சிமிட்டும் கணங்களிலேயே மவுஸ் நின்றுவிடுவதும் நான்காம் நாள்தான் கண்ணில் பட்டன. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல், இத்தகைய மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே விளக்கியிருக்கிறது. மவுஸின் சமிக்ஞையை வாங்கும் குட்டி ரிசீவரோ அந்த டிஸ்க்கின் வயருக்குப் பக்கத்துப் போர்ட்டிலேயே இருந்தது. ரிசீவரைக் கழற்றி, யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் ஒரு மீற்றர் நீட்டிப்பு வயர் செருகி மவுஸுக்கு அருகில் வைத்ததும் தடுமாற்றம் நின்றது.