கென்யாவில் குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபைக் குழுவோடு போனாலும் சரி, படிப்பு முடிந்த கையோடு தனியாகப் போனாலும் சரி, கென்யாவில் ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் முதலில் கேட்பது "பிள்ளைகளுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் அம்மாவோ பாட்டியோ இப்போது எங்கே இருக்கிறார்கள்?

வாசலில் அனாதை இல்லம் என்று பலகை மாட்டியிருந்தாலும், உள்ளே இருக்கிற பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். உலகம் முழுக்கவே நிலைமை இதுதான். கிசுமு, ஹோமா பே போன்ற விக்டோரியா ஏரிக்கரைப் பகுதிகளில் எய்ட்ஸ் ஏராளமான பெற்றோரைக் கொண்டுபோனது உண்மை, ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள் அங்கே உள்ள பாட்டிகளும் சித்திகளும்தான். பீஸ் கட்ட முடியாமல், மூன்று வேளை சாப்பாடு போட முடியாமல் இல்லத்தில் கொண்டுவந்து விட்டவர்கள் பலர். வெளிநாட்டுப் பணம் இல்லத்துக்கு மட்டும் வந்து, வீட்டுக்கு எதுவும் வராதபோது, பிள்ளையை இல்லத்தில் விடுவதுதான் படிக்கவைக்க ஒரே வழி என்று ஆகிவிடுகிறது. கென்ய அரசு 2017-ல் புது இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது, 2022-ல் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்ப்பதற்கான பத்தாண்டுத் திட்டத்தையும் வெளியிட்டது. ஐ.நா. பொதுச்சபையும் 2019-ல் தன் தீர்மானத்தில், சுற்றுலாப் போக்கில் அனாதை இல்லங்களில் செய்யப்படும் தன்னார்வப் பணியால் வரும் தீங்குகளைத் தடுக்கச் சொன்னது.

ஆக, போட்டோவைப் பார்த்து மனம் இளகி இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. பதிவு இருக்கிறதா, உறவினர்கள் வந்து பார்க்கிறார்களா, கடந்த வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்று நேராகக் கேளுங்கள். உங்களிடம் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்காமல், "எப்ப வேணும்னாலும் வாங்க, பிள்ளைகளோட இருங்க" என்று சொல்கிற இல்லத்துக்குப் போகவே வேண்டாம். உங்களை அப்படி உள்ளே விடுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுவார்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்காவிட்டாலும் அங்கே செய்வது வேலைதான், அதனால் சுற்றுலா என்று எழுதி நுழையாமல், இல்லத்தின் மூலம் முறையான அனுமதி எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள் (சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்). அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஏரிப் பக்கம் போகிறவர்கள் மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது. பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2017 முதல் தடை, பெட்டி கட்டும்போதே எடுத்துவிடுங்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாமல் போவது அடுத்த தவறு. நம் கோடை விடுமுறையை நம்பி மே மாதத்தில் போனால் அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். விடிவதற்கு முன்பே எழுந்து, ஜெபம் முடித்து, ஊஜி என்கிற கஞ்சியைக் குடித்துவிட்டு யூனிபார்மில் கிளம்புகிற பிள்ளைகள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். பகலில் உங்களுக்கு இருக்கிற வேலை, கிதேரிக்கு (சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைப்பது) பீன்ஸில் கல் பொறுக்குவது, சுகுமா கீரை நறுக்குவது, மஞ்சள் ஜெர்ரிகேனில் தண்ணீர் சுமப்பது, துணி துவைப்பது. "நான் பிள்ளைகளுக்காக வந்தேன், சமையலறைக்காக வரலை" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் கீரையை நீங்கள் நறுக்கினால்தான் பிள்ளைகளை வருடக்கணக்காகக் கவனித்துக்கொள்ளும் ஆன்ட்டிக்கு, சாயங்காலம் அழுதுகொண்டு வருகிற ஒரு பிள்ளையோடு உட்கார அரை மணி நேரம் கிடைக்கும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்புகிற இல்லங்கள் நல்ல இல்லங்கள். நாங்கள் வருகிறோம், அதனால் பிள்ளைகளை அனுப்பாமல் வைத்திருங்கள் என்று எந்தக் குழுவும் கேட்கக் கூடாது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். நீங்கள் இறங்கிய பத்தாவது நிமிடம் மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறும், இறங்கவே மாட்டேன் என்று அழும். அதைப் பார்த்து, கர்த்தர் என்னை இதற்காகத்தான் அனுப்பினார் என்று உருகிப்போகிறோம். ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் இப்படி ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒருவர் கிடைக்காமல் வளர்கிற குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிற ஒன்று. ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் 2000-ல் தொடங்கி, இல்லத்தில் வளர்ந்த குழந்தைகளையும் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளையும் பல வருடங்கள் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் சின்ன வயதிலேயே போனவர்கள், வளர்ப்பவரோடு பாசமாக ஒட்டுவதிலும் அறிவு வளர்ச்சியிலும் நன்றாகத் தேறினார்கள். இரண்டு வாரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு நீங்கள் விமானம் ஏறுவீர்கள், அடுத்த குழு வரும், அதுவும் போகும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை ஒருவரை இழக்கும். ஓடி வருகிற குழந்தையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. சிரித்துப் பேசுங்கள், கையைப் பிடித்து ஆன்ட்டியிடம் கூட்டிப் போங்கள், அழுதால் அவர் தூக்கட்டும். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, தனி அறையில் ஒரு பிள்ளையோடு இருப்பது எதுவும் உங்கள் வேலை இல்லை.

அப்புறம், கதை கேட்காதீர்கள். "உங்க அப்பா எப்படி இறந்தார்?" என்று வந்த அன்றே கேட்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். ஒரு பிள்ளை தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்தால் ஏன் என்று விசாரிக்கவும் வேண்டாம், ஜெபக் குறிப்பில் பெயர் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பவும் வேண்டாம். பக்கத்து ஊரில் உறவினர் இருக்கிற பிள்ளைக்கு, எச்.ஐ.வி. உள்ள பிள்ளை என்ற பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். போட்டோவும் அப்படித்தான்: கென்யாவின் 2019 தகவல் பாதுகாப்புச் சட்டப்படி குழந்தையின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். சட்டம் இருக்கட்டும், உங்கள் மகளைக் கிழிந்த சட்டையோடு படம் எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் தன் சபையில் திரையில் போட்டுக் காணிக்கை எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைப்பதையும், சாட்சி சொல்ல வைப்பதையும் நீங்களே வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

இனி பரிசுக்கு வருவோம். சாக்லேட்டும் பொம்மையும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள், பொதுவாகப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஷூவோ நோட்டோ தேவையென்றால் அங்கேயே கடையில் வாங்குங்கள். சுவர் கட்டக் குழுவாகக் கிளம்புகிறவர்களும் கவனியுங்கள், அந்த வேலையை உங்களைவிட நேர்த்தியாகச் செய்ய உள்ளூர் கொத்தனார் இருக்கிறார், அவருக்கும் பீஸ் கட்ட வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள். "உன்னை நான் படிக்க வைக்கிறேன்", "அடுத்த வருஷம் வர்றேன்" போன்ற வாக்குகளை வாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். பிள்ளைகள் அதைத் தேதி வைத்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நம் சபைகளில் இந்த ஊழியத்துக்கு எடுத்துக் காட்டுகிற யாக்கோபு 1:27, திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளையும் சேர்த்துத்தான் விசாரிக்கச் சொல்கிறது. பிரசங்கத்தில் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அவர்களுடைய தாயை விட்டுவிடுகிறோம். ஊர் திரும்பிய பிறகு பணம் அனுப்ப மனம் இருந்தால், ஒரு தாய் தன் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க உதவுகிற திட்டம் அந்த இல்லத்தில் இருக்கிறதா என்று கேட்டு, பீஸுக்கும் யூனிபார்முக்கும் அவளுடைய சிறு தொழிலுக்கும் மாதாமாதம் அனுப்புங்கள். அப்படி ஒரு திட்டம் இல்லையென்றால், தொடங்குவதற்கு என்ன தேவை என்று பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.