மூன்று அம்புகளை நம்பி மோசம் போகாதீர்கள்

காலியான டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தத் தொட்டியில் போடுவது என்று புரியாமல் எல்லோரும் ஒருமுறையாவது நின்றிருப்போம். கடைசியில், "எதற்கும் இருக்கட்டும்" என்று மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடுகிறோம். வீணாக்கவில்லை என்ற நிம்மதி கிடைக்கிறது. வீட்டுக் குப்பை விஷயத்தில் ஆகப் பெரிய தவறு அந்த நிம்மதிதான் என்பேன். சந்தேகத்தோடு போட்ட ஒரு பொருள், கவனமாகப் பிரித்துப் போட்ட பத்துப் பொருள்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

குழப்பத்தின் வேர் டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோணம். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளை 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். அது மறுசுழற்சியின் அடையாளமாக உலகெங்கும் பரவியது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் துறையினர் அதே போன்ற அம்புகளுக்கு நடுவே 1 முதல் 7 வரை எண்களைப் பொறித்தார்கள். அந்த எண், பிளாஸ்டிக் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். அதை வாங்கி உருக்க ஆள் இருக்கிறார்களா என்று சொல்லாது. 2013இல் அம்புகளைக் கைவிட்டு வெறும் முக்கோணம் போதும் என்று விதியை மாற்றினார்கள். பழைய அச்சில் வார்த்த டப்பாக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பொதுவாக 1, 2 எண்ணுள்ள பாட்டில்களுக்குக் கிராக்கி உண்டு. 3, 6, 7 ஆகியவற்றைப் பல இடங்களில் வாங்குவதே இல்லை. எதை எடுத்துக்கொள்வார்கள் என்று உங்கள் வீட்டுக் குப்பையைச் சேகரிப்பவரிடமே கேட்டுவிடுங்கள். முக்கோணத்தை விட அவருடைய பதில் நம்பகமானது.

ஒரு தவறான பாட்டில் அப்படி என்ன செய்துவிடும்? தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை உருக்கச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. அதில் குழாய்கள் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் சிறிதளவு கலந்திருந்தாலும், அந்தச் சூட்டில் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். அமிலம் பெட் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்க, பிளாஸ்டிக் மஞ்சளித்து வலுவிழந்து போகும். தாவர மாவுச்சத்திலிருந்து தயாரிக்கும் "மக்கும் பிளாஸ்டிக்" கோப்பைகளும் இப்படித்தான் தொல்லை தருகின்றன. பார்க்க அச்சு அசலாக பெட் போலவே இருக்கும் அவை, பாட்டில்களோடு சேர்ந்தால் உருக்கும்போது சிக்கல். வீட்டு உரக்குழியில் போட்டாலும் எளிதில் மக்காது. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய உர ஆலைகளில் உள்ள 60 டிகிரி அளவிலான சூடு தொடர்ந்து தேவைப்படுகிறது.

கண்ணாடியிலும் இதே கதைதான். அடுப்பின் சூட்டைத் தாங்கும் பாத்திரக் கண்ணாடி, சாதாரண பாட்டில் உருகும் வெப்பத்தில் உருகாது.

காகிதத்துக்கு எண்ணெய் பகை. காகிதக்கூழை நீரில் கரைத்துத்தான் மீண்டும் தாளாக்குகிறார்கள். எண்ணெய் நீரில் கரையாமல் இழைகளோடு ஒட்டிக்கொண்டு தாளில் திட்டுத் திட்டாக நிற்கும். உணவு வந்த அட்டைப்பெட்டியில் எண்ணெய் ஊறிய பகுதியைக் கிழித்து மக்கும் குப்பையில் போட்டுவிட்டு, சுத்தமான மூடியைக் காகிதத்தோடு சேர்க்கலாம். டப்பாக்களை ஒருமுறை அலசினால் போதும், அதுவும் பாத்திரம் கழுவிய நீரில். ஒரு தயிர் டப்பாவுக்காக வெந்நீர் வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மிச்சப்படுத்தியதை விட அதிகமாகச் செலவழித்துவிடுவோம்.

பளபளக்கும் நொறுக்குத்தீனிப் பையை அலுமினியத் தாள் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கசக்கிப் பாருங்கள்: சுருண்டபடியே இருந்தால் உலோகத்தாள்; விரிந்துகொண்டால் உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக். உண்மையான அலுமினியத்தை வீணாக்க மனம் வரக்கூடாது. தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுப்பதோடு ஒப்பிட்டால், அதை உருக்கி மீட்க ஏறத்தாழ 5 சதவீத ஆற்றலே போதும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போட்டு அனுப்பும் பழக்கம். தரம் பிரிக்கும் இயந்திரத்தின் சுழலும் தண்டுகளில் மெல்லிய பைகள் தலைமுடி போலச் சுற்றிக்கொள்கின்றன. இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியவர் ஒரு தொழிலாளி. இயந்திரமே இல்லாத இடங்களில் முடிச்சை அவிழ்ப்பதும் அவருடைய விரல்கள்தான். உடைந்த கண்ணாடியோ ஊசியோ உள்ளே இருந்தால் குத்துவது அவரை. லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். ஆகவே பேட்டரிக்குத் தனி டப்பா. முனைகளின் மேல் ஒட்டுநாடா. கண்ணாடித் துண்டுகளைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று பெரிதாக எழுதுங்கள். ஊசிகளை மறுசுழற்சித் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மருத்துவக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதற்காகத் துணிப்பைகளை வாங்கிக் குவிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். அடுத்த முறை கடையில் புதுப் பை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கதவில் ஏற்கெனவே தொங்கும் பழைய பையைக் கையோடு எடுத்துப் போங்கள்.