கையெழுத்தில் குணம் பார்க்க, முதலில் நல்ல மாதிரி எடுங்கள்

கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் பழக்கம் பழையது. இத்தாலியில் காமில்லோ பால்டி 1622-லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். பலன் தப்புவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதே.

கோடு போடாத ஏ4 தாள் எடுங்கள். அடியில் ஐந்தாறு தாள் மெத்தைபோல இருக்கட்டும். பேனா சாதாரண பால்பாயிண்ட். ஜெல் பேனாவில் அழுத்தம் சரியாகப் பதியாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தாள் நமத்துப்போகும், லேசான கைகூட ஆழமாகப் பதியும். அதனால் மழைக்காலத்தில் புதுக்கட்டைப் பிரித்துத் தாள் எடுப்பது நல்லது.

பதினைந்து வரியாவது சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதினால் கை தயங்கும். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை எழுதட்டும். சொந்தக் கதையை எழுதினால், கதையைப் படித்துவிட்டு எழுத்தைப் படித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். வெவ்வேறு நாளில் மூன்று தாள் வேண்டும். ஓரத்தில் தேதி, வயது, எழுதும் கை, பள்ளியில் படித்த மொழி எல்லாம் குறியுங்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு அந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். தாராவியில் மராத்தி மீடியத்தில் படித்து, வீட்டில் தமிழ் கற்ற பிள்ளையின் எழுத்து, மேலே ஒரு கோடு இருப்பதுபோல அதைப் பிடித்துத் தொங்கலாம். அது தேவநாகரியின் தலைக்கோடு பழக்கிய கை. அதில் சோர்வைத் தேடாதீர்கள். ஆங்கிலச் சின்ன 'ஐ'யின் புள்ளிக்குச் சொல்லும் பலனையும் தமிழ்ப் புள்ளிமேல் ஏற்ற வேண்டாம். நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது!

இனி தாளைத் திருப்பி, பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், அழுத்தம் தெரியும். பிறகு வரியின் முதல் எழுத்தடியிலிருந்து ஸ்கேலை நேராக வைத்து, கடைசி எழுத்து எத்தனை மில்லிமீட்டர் ஏறியது, இறங்கியது என்று குறியுங்கள். ஏறினால் உற்சாகம், இறங்கினால் தளர்ச்சி என்பது மரபு. ஒரு தாளில் மட்டும் இறங்கினால் தாள் சாய்ந்திருந்திருக்கும். மூன்றிலும் இருந்தால்தான் கணக்கில் எடுங்கள்.

ஆனாலும் இந்தப் பலன்களை நம்பி வேலைக்கு ஆள் எடுக்காதீர்கள், வரன் பார்க்காதீர்கள். எழுத்துக்கும் குணத்துக்கும் உறவு தேடிய ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம், 39-ஆம் பிரிவில், கையெழுத்து நிபுணரின் கருத்தைக் கேட்பது எழுதியவர் யார் என்று அறியத்தான்.

பெரியவர்களின் தாள்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வரி போகப்போக எழுத்து சிறுத்து நெருங்க ஆரம்பித்தால் அது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாக இருக்கலாம். பழைய தாளையும் புதிய தாளையும் நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.