ஏற்காடு பக்கம் சொந்தமா ஆஃப் கிரிட் சோலார் போடுறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஆஃப் கிரிட்னா ஈபி லைன் இல்லாம பேனல், பேட்டரிலயே ஓடுறது, ஆன் கிரிட்னா பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடுறது. முதல்ல ஆஃப் கிரிட் உங்களுக்கு தேவையான்னு பாத்துக்கங்க. சேலம் டவுனுக்குள்ள ஈபி லைன் ஒழுங்கா இருக்குற வீட்டுக்கு பில்லு குறையணும்னு பேட்டரியோட ஆஃப் கிரிட் போடுறது வீண் செலவு, அங்க ஆன் கிரிட் போதும். மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் சோலார் மானியமும் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா) ஈபி லைனோட சேந்த சிஸ்டத்துக்குதான், தனியா பேட்டரில ஓடுறதுக்கு வராது. அதே மாதிரி சாதாரண ஆன் கிரிட் போட்டுட்டு கரண்ட் போனாலும் வீட்ல லைட் எரியும்னு நெனைக்காதீங்க, லைன்ல வேலை பாக்குறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு கரண்ட் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானா நின்னுடும். லைனே வராத எஸ்டேட் வீடு, தோட்டத்து ஷெட், இல்ல காத்து மழைல மரம் சாஞ்சா ரெண்டு நாளைக்கு கரண்ட் எட்டிப் பாக்காத இடம், இதுக்குதான் ஆஃப் கிரிட்.

இப்ப கணக்கு. எல்லாரும் எத்தனை பேனல்ங்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறாங்க, ஆரம்பிக்க வேண்டியது ஒரு நாளைக்கு என்னென்ன ஓடும்ங்கிறதுல. 9 வாட் எல்இடி அஞ்சு, தினம் 5 மணி நேரம்னா 225 வாட் அவர் (வாட்ட மணி நேரத்தால பெருக்கினது). 60 வாட் டிவி 4 மணி நேரம்னா 240. மிக்ஸி, போன், லேப்டாப் எல்லாம் சேத்து ஒரு 200. இதுவரைக்கும் எல்லாரும் எழுதிடுவாங்க. வைஃபை ரௌட்டர விட்டுடுவாங்க, 10 வாட்தானேன்னு, ஆனா அது 24 மணி நேரமும் ஓடுது, அதுவும் 240, டிவி அளவுக்கு திங்குது. அதுக்கு மேல இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருந்தாலே 15, 20 வாட் எடுக்கும், நாள் பூரா பாத்தா 400 கிட்ட வரும். இதை யாருமே சொல்ல மாட்டாங்க, சொன்னா பெரிய இன்வெர்ட்டர் விக்காது. ஆக ஒரு சின்ன வீட்டுக்கே 1300 ஆச்சு, ஃபிரிட்ஜ் இன்னும் வரல.

12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்ப் அவர்) ட்யூபுலர் (ஈய ஆசிட்) பேட்டரில ரெண்டையும் பெருக்கினா 1800 வாட் அவர் வரும், ஆனா பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போயிடும், அப்ப கைக்கு வர்றது 900தான். அந்த 1300க்கு ஒரு பேட்டரி ஒரு நாளைக்கே காணாது, ரெண்டு போட்டு 24 வோல்ட்டா ஓட்டணும்.

பேனலுக்கு வருவோம், மலைல மாட்டிக்கிறது இங்கதான். கீழ வெயில் நாள்ல முழு வெயில் கணக்குல 5 மணி நேரம் கிடைக்கும், அதை வச்சு நஷ்டம் போக பாத்தா 1300க்கு 400 வாட் பேனல் போதும்னு வரும், கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், ஐப்பசி கார்த்திகைல பனிமூட்டம் இறங்கினா பக்கத்து மரமே தெரியாது, அப்ப 2 மணி நேரத்துக்கு உண்டான வெயில் வந்தாலே பெருசு. அதே கணக்க 2 மணி நேரம் வச்சு போட்டா 900 வாட்டுக்கு மேல வருது. கோடைல பாதி கரண்ட் வீணா போகுதேன்னு கவலைப்படாதீங்க, பேனல் இப்ப மலிவு, பேட்டரிதான் காசு. மூணு நாள் தொடர்ந்து மூட்டமா இருந்தா 900 வாட்டும் பத்தாது, அன்னைக்கு டிவிய நிறுத்துங்க, இல்ல சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு வச்சுக்கங்க. ட்யூபுலர் பேட்டரி அரைகுறை சார்ஜ்லயே நாள் கணக்கா கிடந்தா உள்ள தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டுடும், மலைல பேட்டரி சீக்கிரம் சாகுறதுக்கு இது முக்கிய காரணம். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி அரை சார்ஜ தாங்கும், கையில காசு இருந்தா அதுக்கு போங்க, ஆனா சார்ஜ் கன்ட்ரோலர்ல (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருந்து சார்ஜ அளவா விடுற பெட்டி) பேட்டரி வகைய மாத்தாம ட்யூபுலர் செட்டிங்லயே விட்டுடாதீங்க.

நிழல். இத ஏப்ரல் மே மாசத்துல பாத்து முடிவு பண்றாங்க, ஏன்னா வேலை செய்ய வசதியான மாசம் அது. நம்ம பக்கம் ஏப்ரல் கடைசில மத்தியான சூரியன் நேர் உச்சில நிக்கும், எந்த மர நிழலும் பேனல்ல விழாது. டிசம்பர்ல அதே சூரியன் தெக்கால சாஞ்சு 55 டிகிரிலதான் நிக்கும், காபி தோட்டத்து சில்வர் ஓக் 20 மீட்டர் உயரம்னா மத்தியானமே 14 மீட்டருக்கு நிழல் விழுது, காலைல சாயங்காலம் இன்னும் நீளம். மூட்டம் இருக்குற மாசத்துல கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் மரம் எடுத்துக்கும். ஒரு கிளை நிழல்தானேன்னு விடாதீங்க, சீரிஸ்ல (ஒண்ணோட ஒண்ணா வரிசையா) கோத்த பேனல்ல ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலே உற்பத்தி நல்லா அடிவாங்கும். அதுக்காக கோடாலி எடுத்துடாதீங்க, மலைல மரம் வெட்ட அனுமதி விஷயமெல்லாம் இருக்கு, பேனல இடம் மாத்துறது சுலபம். தெக்கு பாத்து 12லேந்து 15 டிகிரி சாய்வு, அவ்வளவுதான், அதுக்கு மேல ரொம்ப யோசிக்க வேணாம்.

சார்ஜ் கன்ட்ரோலர்ல ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு, 540 வாட் பெரிய பேனல வாங்கிட்டு 12 வோல்ட் பேட்டரிக்கு மலிவு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் மாட்டுறது. அந்த பேனல் 41 வோல்ட்ல 13 ஆம்ப் தர்றது, பிடபிள்யூஎம் வோல்டேஜ பேட்டரி அளவுக்கு இழுத்துடும், கிடைக்கிறது 170 வாட் சொச்சம், மிச்சம் போச்சு. வோல்டேஜ பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி வாட்ட வீணாக்காம எடுக்குற எம்பிபிடி கன்ட்ரோலர்தான் வாங்கணும். ரெண்டாவது, அந்த மாதிரி ரெண்டு பேனல சீரிஸ் போட்டு 100 வோல்ட் லிமிட் உள்ள எம்பிபிடில கொடுக்கிறது. லோடு இல்லாதப்ப ஒரு பேனல் 50 வோல்ட் கிட்ட காட்டும், அது 25 டிகிரி கணக்கு. குளிர்ல பேனல் வோல்டேஜ் ஏறும், மார்கழி காலைல 12, 13 டிகிரில ரெண்டு பேனல் 104 வோல்ட் வரைக்கும் போகும், கன்ட்ரோலர் காலி. சேலத்து வெயில்ல வருஷக்கணக்கா தப்பிச்ச செட்டிங் மேல வந்து முதல் குளிர்லயே புகையலாம். 150 வோல்ட் லிமிட்டா வாங்கிடுங்க.

வயரிங்ல கஞ்சத்தனம் வேணாம். 12 வோல்ட்ல 1000 வாட் எடுத்தா பேட்டரி வயர்ல 90, 100 ஆம்ப் ஓடும், வீட்டு வயரிங்குக்கு மிச்சமான 2.5 ஸ்கொயர் எம்எம் வயர அதுல போட்டா சூடாகி உருகும், தீப்பிடிக்கும். 24 வோல்ட்னா ஆம்ப் பாதிதான். பேட்டரி பாசிட்டிவ்க்கு ஒட்டின மாதிரி ஒரு ஃபியூஸ் கட்டாயம். பேனல் பக்கம் வீட்ல ஈபி கரண்டுக்கு (ஏசி) போடுற சாதாரண எம்சிபிய (டிரிப் ஆகுற சுவிட்ச்) மாட்டாதீங்க, பேனல்ல வர்ற டிசி கரண்ட் நடுவுல பூஜ்ஜியத்துக்கு வராது, பிரிக்கும்போது பொறி அணையாம நின்னு எரியும், டிசிக்குன்னே தனி எம்சிபி இருக்கு. சித்திரை வைகாசி இடி மின்னலுக்கு எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் (திடீர்னு பாயுற அதிக வோல்டேஜ எர்த்துக்கு தள்ளுற கருவி) வேணும், பாறை மண்ணுல ஒரு ராடு அடிச்சு விட்டா எர்த் ஆயிடாது, எலக்ட்ரீசியன வச்சு அளந்து பாருங்க. கனெக்ஷன் குடுக்குறப்ப கன்ட்ரோலருக்கு முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனல், கழட்டுறப்ப பேனல் முதல்ல. ட்யூபுலர் பேட்டரிய படுக்குற ரூம்ல வைக்கக்கூடாது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், குளிருதுன்னு ஜன்னல சாத்திட்டு தூங்குற ஊரு வேற.

கடைசியா போர் மோட்டார். 1 ஹெச்பி மோட்டார் கிளம்புறப்ப ஓடுறத விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதை இந்த சிஸ்டத்துல மாட்டினா இன்வெர்ட்டர் டிரிப் ஆகும், இல்ல அதுக்காகவே எல்லாத்தையும் மூணு மடங்கு பெருசா வாங்கணும். பேட்டரியே இல்லாம பகல்ல பேனல்ல நேரா ஓடுற சோலார் பம்ப் தனியா போட்டு, மேட்டுல தண்ணி தொட்டி கட்டிக்கங்க.