கோயில் திடல் கச்சேரிக்கு டிஜிட்டல் மிக்ஸர்: அனலாக்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு

முதலில் கரண்ட்டைப் பேசிவிடுவோம். மிக்ஸரை அப்புறம் பார்க்கலாம்.

காரைக்குடிப் பக்கம் 22 வருஷமாக மைக் செட் தொழிலில் இருக்கிறேன். அதில் 14 வருஷம் 32 சேனல் அனலாக் மிக்ஸரோடு போனது. டிஜிட்டலுக்கு மாறின முதல் வருஷம், ஆடி மாசம், ஓர் அம்மன் கோயில் திடலில் மெல்லிசைக் கச்சேரி. இரண்டாவது பாட்டின் சரணத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு மாற்ற மூன்று நொடிகூட ஆகவில்லை. மேடை லைட் வந்துவிட்டது, ஆம்ப் வந்துவிட்டது, என் மிக்ஸர் மட்டும் திரையில் கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டு நின்றது. அனலாக் என்றால் கரண்ட் வந்த கையோடு சத்தமும் வந்துவிடும். டிஜிட்டல் மிக்ஸர் ஒரு கம்ப்யூட்டர். அது விழித்து, மேடையில் மைக் வயர்களெல்லாம் வந்து சேரும் மேடைப் பெட்டியைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் சத்தத்தை வெளியே விடும். பாடிக்கொண்டிருந்த பெண் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றதும், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிகள் மொத்தமாக என் பக்கம் திரும்பிப் பார்த்ததும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அன்றைக்கு என்னிடம் யூபிஎஸ் இல்லை. தப்பு என்னுடையது. பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி ஒரு டிஜிட்டல் மிக்ஸர் 120 வாட் அளவுதான் இழுக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று தாராளமாகப் போதும். ஆனால் மூன்று இடத்துக்கும் வேண்டும்: மிக்ஸர், மேடைப் பெட்டி, டேப்லெட்டுக்கான வைஃபை ரூட்டர். மிக்ஸருக்கு மட்டும் போட்டுவிட்டு மேடைப் பெட்டியை மறந்தால், அந்தப் பெட்டி அணைந்து எழும்வரை ஒரு மைக்கும் வராது.

யூபிஎஸ் இருந்தாலும், பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். திருவிழாவில் மூன்று பேஸ் கரண்ட்டைச் சீரியல் லைட்காரர், ராட்டினக்காரர், நாம் என எல்லோரும் பங்கு போடுகிறோம். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் 230 இருக்கவேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும். பழைய அனலாக் மிக்ஸரில் அநேகமாக ஃபியூஸோடு போகும். டிஜிட்டலில் பவர் போர்டே போய்விட்டால் அன்றைய கச்சேரியும் போச்சு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எவ்வளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். இரண்டாவது அளவு மூன்று நான்கு வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கம்பியை ஈரமண்ணில் ஆழமாக அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஆறு மணிக்குக் கூட்டம் வந்த பிறகு இதைச் செய்ய முடியாது. மதியமே செய்யுங்கள்.

சரி, எந்த மிக்ஸர்? வெளிநாட்டுப் பெரிய கச்சேரிகளில் 2000-களின் தொடக்கத்திலேயே டிஜிட்டல் வந்துவிட்டது. 2005-இல் வந்த யமஹா எம்7சிஎல்லை நம்மூர்ப் பெரிய மேடைகளிலும் நிறையப் பார்த்திருக்கிறோம். என் மாதிரி ஆட்களுக்குக் கைக்கு எட்டியது 2012-இல் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 வந்த பிறகுதான். என் கையில் இருப்பதும் அதுதான், கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். மைடாஸ் எம்32-க்கும் அநேகமாக அப்படியே பொருந்தும். யமஹாவில் பட்டன் மாறும், வேலை மாறாது.

அடுத்தது கேபிள். எல்லா மைக் வயரையும் ஒன்றாகக் கட்டிய பழைய மல்டிகோர் சுருளை வண்டியிலிருந்து இறக்கவே நாலு பேர் வேண்டும். இப்போது அந்த இடத்தில் ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். இது பெரிய நிம்மதிதான், ஆனால் 32 மைக்கும் அந்த ஒற்றை வயரில் தொங்குகிறது என்பதை மறக்கக்கூடாது. ஆபீஸில் போடும் சாதாரண லேன் கேபிளை வாங்கி மாட்டாதீர்கள். ஷீல்டு உள்ள கேட்5இ கேபிள்தான் வேண்டும். இரண்டு முனையிலும் ஈதர்கான் என்னும் உலோகக் கூடு போட்டு, ஷீல்டு அந்தக் கூட்டைத் தொடும்படி இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் நைலான் கார்ப்பெட்டில் நடந்து வந்த ஒருவர் மைக் ஸ்டாண்டைத் தொட்டு எழும் சின்ன ஸ்டாட்டிக்கே போதும், மொத்தச் சத்தமும் ஒரு நொடி அறுந்து வரும். 100 மீட்டர் வரை போடலாம் என்று கையேடு சொல்கிறது. நான் 75-ஐத் தாண்டுவதில்லை. முக்கியமாக, ஒரு கேபிள் போடும்போதே பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். முதல் கேபிள் மேல் தண்ணீர் லாரி ஏறினால், இரண்டு முனையிலும் பிளக்கை மாற்ற ஆளுக்குப் பத்து நொடி போதும்.

கேபிளை மாட்டியும் ஒரு மைக்கும் வரவில்லை என்று புதிதாக மாறினவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். பத்துக்கு எட்டு தடவை காரணம் ஒன்றுதான். எந்தச் சாக்கெட் எந்தச் சேனலுக்கு என்று சொல்லும் ரவுட்டிங் பக்கத்தில் இன்புட் இன்னும் 'லோக்கல்' என்றே இருக்கும், அதாவது மிக்ஸரின் முதுகில் உள்ள சாக்கெட்டைத்தான் அது கேட்டுக்கொண்டிருக்கும். எட்டு எட்டுச் சேனலாக, மேடைப் பெட்டியின் கேபிள் வந்து சேரும் 'ஏஇஎஸ்50 ஏ' என்று மாற்றுங்கள். அனலாக்கில் மூன்றாம் சாக்கெட் என்றால் மூன்றாம் ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை), பேச்சே கிடையாது. இங்கே நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அனலாக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம், கை பழகச் சில வாரம் ஆகும்.

இதையெல்லாம் திடலில் வைத்துச் செய்யக்கூடாது. எக்ஸ்32-எடிட் என்ற சாஃப்ட்வேரை லேப்டாப்பில் போட்டு, மிக்ஸர் இல்லாமலே வீட்டில் உட்கார்ந்து எல்லாச் சேனலுக்கும் பெயர், நிறம், ரவுட்டிங் போட்டு, பென் டிரைவில் எடுத்துப் போகலாம். வாடகை மிக்ஸர் எடுக்கிறவர்களுக்கு இது உயிர். முந்தினநாள் யாரோ வைத்துவிட்டுப் போனதை முழுதாக அழித்துவிட்டு, உங்கள் ஃபைலை ஏற்றுங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கட்டும், இரண்டாக இருக்கட்டும்.

என் ஃபைலில் 1 முதல் 8 வரை எப்போதும் குரல்தான். காரணம் சொல்கிறேன். நம்மூர்த் திருவிழா ஒரு கச்சேரியோடு முடிவதில்லை. சாயங்காலம் நாதஸ்வரம் தவில், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரதம், எட்டு மணிக்குப் பட்டிமன்றமோ கச்சேரியோ. சட்டப்படி இரவு 10 மணிக்கு மேல், தனி அனுமதி இல்லாவிட்டால், ஒலிபெருக்கி கூடாது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க ஐந்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். அனலாக்கில் அந்த ஐந்து நிமிஷத்தில் நூறு குமிழைத் திருகுவோம், ஒன்றை மறந்துவிடுவோம். டிஜிட்டலில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சீன், அதாவது எல்லா அமைப்பும் சேர்ந்த ஒரு பதிவு, சேமித்துவைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினால் எல்லாம் அந்தந்த இடத்துக்கு வந்துவிடும். பட்டிமன்றத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பேசுகிறவர் மைக்கைத் தானே தூக்கி மற்றதைத் தானே தாழ்த்தும் ஆட்டோமிக்ஸ். எக்ஸ்32-இல் அது முதல் எட்டுச் சேனலுக்கு மட்டும்தான் உண்டு. நடுவர், இரண்டு அணி, தொகுப்பாளர் எல்லோரும் அந்த எட்டுக்குள் இருந்தால் நம் கைக்கு வேலை பாதியாகும்.

சீன் மாற்றும்போது ஓர் ஆபத்தும் உண்டு. புதுச் சீனில், மைக்குக்கு மிக்ஸர் கொடுக்கும் 48 வோல்ட் பேன்டம் கரண்ட் அணைந்திருந்தால், தபலாவுக்கு வைத்த கண்டென்சர் மைக் செத்துவிடும். திடீரென்று ஆன் ஆனால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். சீன் மாறும்போது தொடவேண்டாம் என்று சேஃப் போட்டு வைக்கும் வசதி இருக்கிறது. கெய்னையும் (மைக் சத்தத்தை உள்ளே எடுக்கும் அளவு) பேன்டத்தையும் அதில் பூட்டிவிடுங்கள்.

கெய்னில் அனலாக் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பழைய மிக்ஸரில் சிவப்பு லைட் மினுக்கினால்கூட தவில் சத்தம் கொஞ்சம் காரமாக, நன்றாகவே இருக்கும். டிஜிட்டலில் மீட்டர் 0 டிபியைத் தொட்டுவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி கேட்கும். சராசரியாக மைனஸ் 18, உச்சத்தில் மைனஸ் 10-க்குள் இருக்கும்படி வையுங்கள். பாடகர்கள் சவுண்ட் செக்கில் பாதித் தொண்டையில்தான் பாடுவார்கள். எதிரே இரண்டாயிரம் பேரைப் பார்த்ததும் குரல் தானாக ஏறும், அதற்கும் இடம் விட்டுவையுங்கள். அதோடு குரல் மைக் எல்லாவற்றிலும், அடிச் சத்தத்தை வெட்டும் லோ-கட்டை 120 ஹெர்ட்ஸுக்குப் போட்டுவிடுங்கள். திறந்தவெளியில் காற்று மைக்கில் அடிக்கும் 'புஃப்' சத்தமும், மேடைப் பலகை அதிர்வும் பாதிக்குமேல் அதிலேயே போய்விடும்.

கச்சேரி நடக்கும்போது நம் கண்முன்னால் சேனல்களுக்கென்று 16 ஃபேடர்தான். மீதிச் சேனல்கள் அடுத்த லேயரில் ஒளிந்திருக்கும். அதனால் அவசரத்துக்கு வேண்டியதெல்லாம் முதல் 16-இல் இருக்கட்டும். வலது பக்க எட்டு ஃபேடரில், பல சேனலை ஒன்றாக ஏற்றி இறக்கும் டிசிஏ வையுங்கள்: குரல், கோரஸ், தபலா-டோலக், ரிதம் பேட், கீபோர்டு, கிட்டார்-பேஸ், புல்லாங்குழல், எஃபெக்ட். நான் கச்சேரி முழுக்க இந்த எட்டில்தான் கை வைத்திருப்பேன். எஃபெக்ட்டுக்கு ஒரு மியூட் பட்டனும் தனியாக வேண்டும். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பேசும்போது எதிரொலி கூடவே வந்தால், நன்கொடையாளர் பெயர் ஒன்றும் விளங்காது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். 'சென்ட்ஸ் ஆன் ஃபேடர்' பட்டன். அது எரியும்போது ஃபேடர்கள் மக்களுக்குப் போகும் சத்தத்தைக் காட்டாது, மேடை மானிட்டருக்குப் போவதைக் காட்டும். அதை அணைக்க மறந்துவிட்டு, குரல் குறைவாக இருக்கிறதே என்று ஃபேடரைத் தள்ளினால், பாடகரின் காலடி ஸ்பீக்கர் வீலென்று கத்தும். ஃபேடரைத் தொடும் முன் அந்த லைட்டை ஒரு பார்வை பாருங்கள்.

டிஜிட்டலுக்கு மாறினதில் எனக்கு மனம் நிறைந்த விஷயம் மானிட்டர்தான். முன்பு பாடகர் மேடையிலிருந்து விரலை மேலே காட்டுவார், நான் 40 மீட்டர் தள்ளி நின்று அது எந்த வாத்தியத்துக்கு என்று ஊகிப்பேன். இப்போது டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன். “அண்ணே, தபலா கொஞ்சம்” என்கிறார். அவர் காது கேட்கும் இடத்திலேயே என் காதும் இருக்கிறது. தபலாவை இரண்டு டிபி ஏற்றியதும் அவர் முகம் தெளிவதைப் பார்த்துக் கையை எடுக்கிறேன். மானிட்டர் விசிலையும் அங்கேயே நின்று, 31 பேண்ட் ஈக்யூவில் எது கத்துகிறதோ அதை மட்டும் இறக்குங்கள். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், தலைக்குமேல் கம்பத்தில் கட்டுங்கள். கூட்டத்தில் இருக்கும் அத்தனை போனுக்கும் நடுவே 2.4 திணறும். எப்படியிருந்தாலும் மிக்ஸர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும், டேப்லெட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

தேரோடும் வீதியில் தள்ளி வைக்கும் ஸ்பீக்கருக்கு டிலே போடுங்கள், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி விடுங்கள். நம்மூர் ராத்திரி வெப்பத்தில் சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். மேடை ஸ்பீக்கரிலிருந்து 70 மீட்டர் தள்ளியிருந்தால் 200 மில்லிநொடி. மேலே ஒரு பத்து சேர்த்தால் சத்தம் மேடையிலிருந்தே வருவதாகக் காதுக்குப் படும். என் பழைய செட்டில் டிலே இல்லை. வீதிக்கடைசியில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கேட்டார்கள்.

வெயில் டிஜிட்டலுக்கு ஆகாது. பல கையேடுகளில் 40 டிகிரிதான் எல்லை. சித்திரையில் நாலு மணிக்கு மேற்குப் பார்த்து மிக்ஸரை வைத்தால் மேல்தகட்டில் கை வைக்க முடியாது, திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. கீற்றுப் பந்தல் கேளுங்கள், கமிட்டிக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். மழை விட்ட ராத்திரி இன்னொரு தொல்லை உண்டு, ஈசல். மிக்ஸர் விளக்கைத் தேடி வந்து, இறகு உதிர்ந்து, ஃபேடர் போகும் சின்னப் பிளவுக்குள் விழும். மோட்டார் ஃபேடர் அதில் சிக்கினால் பாதியில் நின்று துடிக்கும். விளக்கைக் குறைத்து, தொடாத பக்கத்தை ஒரு பழைய வேட்டியால் மூடி, பத்தடி தள்ளி ஒரு டியூப்லைட்டைப் போடுங்கள். ஈசல் அங்கே போய்விடும்.

முதல் ஒரு வருஷம் எட்டுச் சேனல் அனலாக் மிக்ஸர் ஒன்றைக் காலடியில் வைத்திருங்கள். அதில் அறிவிப்பாளருக்கு ஒரு மைக். பெரிய மிக்ஸர் முரண்டு பிடித்தால் ஸ்பீக்கர் பிராசஸருக்குப் போகும் இரண்டு பிளக்கை அதில் மாற்றினால் மக்களிடம் பேசவாவது முடியும். நான் இன்னும் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போகிறேன்.

கச்சேரி முடிந்ததும் ஆம்ப்பை முதலில் அணைத்துவிட்டு, மிக்ஸரைத் திரையில் உள்ள ஷட்-டவுன் வழியாகவே நிறுத்துங்கள். சுவிட்சைத் தட்டினால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் பதியாமல் போகலாம். அன்றைய ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி, ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள், அடுத்த வருஷம் அதே திடலுக்கு அதுவே பாதி வேலை. அப்புறம் கேபிள். முழங்கையில் சுற்றாமல் டிரம்மில் சுற்றுங்கள். ஈதர்கான் முனையில் மண் போகாமல் மூடியைப் போட்டுவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.