சாயத்தின் நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்

மோனோமர் என்ற திரவத்தை ஒளியால் கெட்டியான பலபடியாக (பாலிமராக) மாற்ற, அந்த ஒளியை உறிஞ்சும் சாயம் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அப்படிச் சேர்க்கும் ஈயோசின் ஒய் சாயத்தின் கரைசல் சிவப்பாக இருக்கிறதே என்று சிவப்பு எல்இடியை வைப்பவர்கள் உண்டு. இரவு முழுக்க எரியவிட்டாலும் மோனோமர் அப்படியே திரவமாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது சாயம் வேண்டாமென்று விட்ட ஒளி. ஈயோசின் உறிஞ்சுவது 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை. நீலமாகத் தெரியும் மெத்திலீன் புளூவுக்குத்தான், சுமார் 660-இல், சிவப்பு வேண்டும்.

சரி, விளக்கு பொருந்திவிட்டது, ஆனாலும் கெட்டியாகவில்லை. உடனே எல்லோரும் செய்வது, இன்னும் கொஞ்சம் சாயம் போடுவது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். ஈயோசினின் மோலார் உறிஞ்சல் கெழு (ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்பதன் அளவு) ஏறத்தாழ 1,00,000. லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால், மேலே உள்ள 0.07 மில்லிமீட்டருக்குள்ளேயே பச்சை ஒளியில் 90 சதவீதம் தீர்ந்துவிடும். பால் மேல் ஆடை படிந்ததுபோல் மெல்லிய தோல் உருவாகும். குச்சியால் குத்தினால் அடியில் அதே திரவம். சாயத்தை 10 மில்லிகிராமாகக் குறைத்துப் பாருங்கள், ஒளி 7 மில்லிமீட்டர் வரை இறங்கும்.

பெரும்பாலான சாயங்கள் தனியாளாகப் பலபடியாக்கலைத் தொடங்கிவைக்காது. எலக்ட்ரான் கொடுக்க ட்ரைஎத்தனோலமைன் மாதிரி ஒரு அமின் துணையாக வேண்டும். மோனோமராக அக்ரிலிக் அமிலத்தை நடுநிலையாக்காமல் பயன்படுத்தினால் இரட்டை நஷ்டம்: அமினும் புரோட்டான் ஏற்று முடங்கும், ஈயோசினும் நிறமிழக்கும். ஆக்சிஜனையும் மறக்க வேண்டாம். கிளர்ந்த சாயத்தையும் பலபடியாக்கலை நடத்த உருவாகும் ராடிக்கல்களையும் அது பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் நைட்ரஜனைக் குமிழியாக விடுங்கள். படலமாக இருந்தால் கண்ணாடித் தகட்டால் மூடினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

நீலம் மறைந்துவிட்டது, வேலை முடிந்தது என்பதும் அவசர முடிவு. அமின் இருந்தால் மெத்திலீன் புளூ ஒளியில் ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான் ஏற்று) நிறமிழக்கும். குப்பியைத் திறந்து குலுக்கினால், காற்று பட்டு நீலம் திரும்பிவிடுவதும் உண்டு. கரைப்பானில் ஊறவைத்து, கரையாமல் மிஞ்சுவதை எடை போட்டுப் பார்ப்பதே மேல்.

வெயிலில் வைத்துச் செய்பவர்கள் சாயமில்லாத குப்பி ஒன்றையும், ஒளி புகாமல் அலுமினியத் தாள் சுற்றிய குப்பி ஒன்றையும் பக்கத்திலேயே வையுங்கள். வெயிலில் புற ஊதாவும் உண்டு, சூடும் உண்டு. எது வேலை செய்தது என்று வேறெப்படிப் பிரிப்பது?

அப்புறம், மீதிக் கரைசல். பழுப்புப் பாட்டில் போதும் என்று நினைக்காதீர்கள். அது தடுப்பது புற ஊதாவையும் நீலத்தையும்தான். மெத்திலீன் புளூ கேட்கும் சிவப்பு தாராளமாக உள்ளே போகும். பாட்டிலைச் சுற்றி அலுமினியத் தாள் போட்டு வையுங்கள்.