மீன் குழம்புக்குக் கோதுமை பியர்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது ஒன்றையே சொல்கிறார்கள்: அங்கே பியர் ஒரே கசப்பு, நம் சமையலோடு சேரவில்லை. மியூனிக்கில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிளகாய்க் காரத்தோடு, பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும். ஆகவே மீன் குழம்பு வைக்கும் நாளில் பில்ஸ் எனப்படும் கசப்பு தூக்கலான வகை வேண்டாம். வைஸ்பியர் எனப்படும் கோதுமை பியரை வாங்குங்கள். கசப்பு மிகக் குறைவு. ஈஸ்ட் தரும் வாழைப்பழ மணமும் லேசான கிராம்பு வாசனையும் அதில் உண்டு. முதல் தடவை முகர்ந்தபோது, ஓணத்துக்கு வீட்டுத் திண்ணையில் பழுக்கத் தொங்கவிடும் நேந்திரன் குலை நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

ஊற்றும் விதம் முக்கியம். கண்ணாடித் தம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் நுரை நிற்காது. குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றுங்கள். இரண்டு விரல் அளவு மிஞ்சும்போது பாட்டிலைச் சுழற்றினால் அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்கும்; அதையும் ஊற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வையுங்கள். 7, 8 டிகிரியில்தான் மணம் விரியும்.

காலி பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். சாதாரண பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை கடை இயந்திரத்தில் திரும்பக் கிடைக்கும். கோதுமை பியரில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அன்று வண்டியை எடுக்காமல் டிராமில் போங்கள்.